உஷார்! கிட்னி மாற்றியவர்களே, உங்கள் தோலைப் பாருங்கள்!

உங்கள் வீட்டில் கிட்னி மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறார்களா? அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து இதைப் படியுங்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர் நீங்களே என்றால் இரண்டு தடவை படியுங்கள்.

உங்கள் கிரியேட்டினின் எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். மாத்திரைக்கு மணி தவறுவதில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறீர்கள். கல்யாண வீட்டில்கூட மாஸ்க்கைக் கழற்றுவதில்லை. எல்லாம் சரி.

தோலை யார் பார்க்கிறார்கள்?

யாரும் பார்ப்பதில்லை. அதில் ஆபத்து இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. 'ஸ்குவாமஸ் செல்' என்றொரு தோல் புற்றுநோய் இருக்கிறது. உறுப்பு மாற்றியவர்களுக்கு அது மற்றவர்களைவிட 65 மடங்கு அதிகமாக வருவதாக நார்வேயில் கணக்கெடுத்தார்கள். நெதர்லாந்தில் கிட்னி மாற்றியவர்களிடம் பார்த்தபோது 250 மடங்கு! வெயில் கொளுத்தும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், ஆபரேஷன் முடிந்த முதல் வருஷத்தில் தோல் புற்றுநோய் வந்தவர்கள் 7 சதவீதம். பதினோரு வருஷத்துக்குள் 45 சதவீதம். இருபது வருஷத்துக்குள் 70 சதவீதம். பத்துப் பேரில் ஏழு பேர்!

"அதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்குங்க. நம்ம கறுப்புத் தோலுக்கு வராது."

இப்படித்தானே சொல்ல வருகிறீர்கள்? இதே வார்த்தையை நம்பி ஒரு பெண் ஒன்றரை வருஷம் சும்மா இருந்தார்.

பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர். பெற்ற தாயே கிட்னி கொடுத்தார். ஆபரேஷன் முடிந்து பத்து வருஷத்துக்கும் மேல் ஆகிறது. கிட்னி அருமையாக வேலை செய்தது. புதிதாக ஆபரேஷனுக்கு வருகிறவர்களிடம், "இந்தம்மாவைப் பாருங்க, இவங்களை மாதிரி இருக்கணும்" என்று டாக்டர் காட்டுகிற அளவுக்கு ஒழுங்கு.

தொடை இடுக்கில் ஓர் அரிப்பு வந்தது. வெயில் காலம், வேர்வை, படர்தாமரையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மெடிக்கல் ஷாப்பில், 'அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க' என்று வாங்கி வந்து தடவினார். அடங்கியது. மறுபடி வந்தது. இன்னொரு ட்யூப். அந்தத் திட்டு மெல்லத் தடித்தது, கறுத்தது. பக்கத்தில் மரு மாதிரி இரண்டு மூன்று முளைத்தன.

யாரிடம் காட்டுவது? ஓ.பி.யில் இருப்பவர் ஆண் டாக்டர். சுற்றி நாலு மாணவர்கள். கணவரிடம் சொல்லக் கூச்சம். மகளிடம் சொன்னால் பயந்துவிடுவாள். மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போனார். ரத்தம் கொடுத்தார், பி.பி. பார்த்தார்கள், மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினார். "வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்காம்மா?" என்று கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான். "இல்ல சார்."

பிறகு நெறி கட்டியது. கால் வீங்கியது. அப்போதுதான் மகள் பிடித்து உட்கார வைத்துக் கேட்டாள்.

பயாப்ஸி எடுத்தார்கள். புற்றுநோய். நெறிக்கட்டிகளுக்கும் பரவியிருந்தது.

பெரிய ஆபரேஷன், அதற்குமேல் கதிர்வீச்சு. கிட்னிக்காகச் சாப்பிட்டுவந்த மருந்தைக் குறைக்க வேண்டி வந்தது. குறைத்ததும் கிரியேட்டினின் ஏறியது. புற்றுநோயைப் பார்ப்பதா, கிட்னியைப் பார்ப்பதா என்று டாக்டர்களே திண்டாடினார்கள். இன்று அவர் உயிரோடு இருக்கிறார். ஒரு கால் வீக்கம் மட்டும் வடியவே இல்லை. புடவை கட்டினாலும் தெரிகிறது.

ஆரம்பத்திலேயே காட்டியிருந்தால்? மரத்துப்போக ஊசி போட்டு, அந்தத் திட்டை மட்டும் வெட்டி எடுத்து, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்!

ஏன் இப்படி நடக்கிறது? புதுக் கிட்னி உங்கள் உடம்புக்கு அந்நியன். உடம்பின் காவல்காரன் அதை அடித்து விரட்டத்தான் பார்ப்பான். அவனைத் தூங்க வைக்கத்தான் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், மைகோஃபினோலேட், அசாதயோபிரின், பிரெட்னிசலோன் எல்லாம். அவன் தூங்கினால் கிட்னி பிழைக்கும். ஆனால் தோலில் தினமும் எங்கேயாவது கெட்டுப்போகிற செல்களைக் கண்டுபிடித்து அழிக்கிற வேலையும் அவனுடையதுதான். அந்த வேலையும் சேர்ந்து நிற்கிறது.

அதோடு முடியவில்லை. அசாதயோபிரின் சாப்பிடுகிறவர்களின் தோலை வெயிலில் உள்ள 'யு.வி.ஏ.' கதிர் கூடுதலாகச் சேதப்படுத்துகிறது. இந்தக் கதிர் கண்ணாடி வழியாகவும் வரும். ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களும் வண்டி ஓட்டுகிறவர்களும் இதைக் கவனியுங்கள். வெயிலில் கெட்டுப்போன செல் தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்வதையும் சைக்ளோஸ்போரின் தடுக்கிறது.

1954இல் அமெரிக்காவின் பாஸ்டனில் முதன்முதலாக வெற்றிகரமாகக் கிட்னி மாற்றியது இரட்டைப் பிறவிகளுக்கு இடையில். அச்சு அசல் ஒரே மாதிரி உடம்பு என்பதால் இந்த மருந்துகளே தேவைப்படவில்லை. மற்றவர்களுக்கும் பரவலாக மாற்ற முடிந்தது 1960களில் அசாதயோபிரின் வந்த பிறகுதான். நம் நாட்டில் 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் வெற்றிகரமாகத் தொடங்கியது. அன்றைக்குக் கவலையெல்லாம் கிட்னி ஒரு வருஷம் தாங்குமா என்பதுதான். இன்றைக்குப் பத்து வருஷம், இருபது வருஷம் நன்றாக வாழ்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அத்தனை வருஷமும் காவல்காரன் தூங்குகிறான் என்பதை மறக்காதீர்கள்.

நன்றாக இருக்கிறவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை!

வயதும் ஒரு கணக்கு. நாற்பது வயதில் கிட்னி மாற்றியவருக்குத் தோலில் கோளாறு வர ஏழெட்டு வருஷம் ஆகலாம். அறுபதில் மாற்றியவருக்கு மூன்று வருஷத்திலேயே வரலாம். "அப்பாவுக்கு இப்பத்தானே மாத்துச்சு" என்று அசட்டையாக இருக்காதீர்கள்.

இப்போது நம் கறுப்புத் தோல் விஷயத்துக்கு வருவோம். உண்மையை மறைக்க வேண்டியதில்லை. நம் தோலில் உள்ள மெலனின் வெயிலிலிருந்து நிறையவே காப்பாற்றுகிறது. வெள்ளைத் தோல்காரர்களுக்கு வருகிற அளவுக்கு நமக்கு வராது. ஆனால் நோய்க்கு வெயில் ஒன்றுதான் வழி என்று யார் சொன்னது? 'எச்.பி.வி.' என்கிற வைரஸ் இன்னொரு வழி. மருவைக் கொண்டுவருவது இந்த வைரஸ் குடும்பம்தான். இதில் சில வகைகள் புற்றுநோயையும் கொண்டுவரும். காவல் இல்லாத உடம்பில் இது இஷ்டத்துக்குப் பெருகும். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உறுப்பு மாற்றிய கறுப்பின மக்களைப் பரிசோதித்தபோது, ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் இருந்ததெல்லாம் வெயில் படாத இடங்களில். துணி மறைக்கிற இடங்களில். பிறப்புறுப்பைச் சுற்றி, தொடை இடுக்கில்.

நாம் பார்க்காத இடத்தில் வருகிறது. காட்டக் கூச்சப்படும் இடத்தில் வருகிறது. வெள்ளைக்காரருக்குக் கன்னத்தில் வந்தால் பக்கத்து வீட்டுக்காரரே கேட்டுவிடுவார். நமக்கு யார் கேட்பார்கள்?

சரி, எதைக் கண்டால் பயப்பட வேண்டும்?

ஆறாத புண். இதுதான் முதல். நாலு வாரம் ஆகியும் ஒரு புண் ஆறவில்லை என்றால் அது சாதாரணப் புண் இல்லை. பொருக்குத் தட்டும், உதிரும், லேசாக ரத்தம் கசியும், மறுபடி பொருக்குத் தட்டும். 'ஆறிடுச்சு' என்று ஏமாற்றும். சர்க்கரை உள்ளவர்கள் எல்லாப் பழியையும் சர்க்கரையின் மேல் போடுவார்கள். போடாதீர்கள்.

வேகமாக வளரும் மரு. கிட்னி மாற்றியவர்களுக்கு மரு வருவது சகஜம், பல பேருக்கு வரும். எல்லாமே புற்றுநோய் ஆகிவிடாது. ஆனால் ஒன்று மட்டும் தனியாகப் பெருக்கிறது, தொட்டால் வலிக்கிறது, அடிப்பகுதி கெட்டியாக இருக்கிறது, கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் நாளைக்கே போங்கள். மருவுக்கும் ஆரம்பப் புற்றுநோய்க்கும் வித்தியாசம் பார்வைக்குத் தெரியாது. தோல் டாக்டருக்கே சில சமயம் தெரியாது, அதனால்தான் பயாப்ஸி எடுக்கிறார்கள்.

படர்தாமரை களிம்புக்கு அடங்காத அரிப்புத் திட்டு. முக்கியமாக மர்மப் பகுதியிலும் ஆசனவாயைச் சுற்றியும். மேலே சொன்ன பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

காலில் ஊதா நிறத்தில், கருஞ்சிவப்பில் திட்டுகள். அடிபடாமலே ரத்தம் கட்டினது போல இருக்கும், கன்றிப்போய் இருக்கும். 'கபோசி' என்கிற புற்றுநோய் இப்படித்தான் ஆரம்பிக்கும். இதற்கும் ஒரு வைரஸ்தான் காரணம். 1980களில் சவூதி அரேபியாவில் கிட்னி மாற்றியவர்களிடம் டாக்டர்கள் அதிகமாகப் பார்த்த புற்றுநோயே இதுதான். நல்ல செய்தி ஒன்று உண்டு. சீக்கிரம் கண்டுபிடித்து மருந்தை டாக்டர் மாற்றிக் கொடுத்தாலே பல பேருக்கு இது சுருங்கிவிடுகிறது.

உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் புதிதாகத் தெரியும் கறுப்பு. கால் ஆணி என்று நினைத்துப் பிளேடால் சீவுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐயோ, வேண்டாம்! 'மெலனோமா' என்கிற பொல்லாத வகை நம்மைப் போன்ற தோல்காரர்களுக்குப் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் வரும். மச்சம் பெரிதானாலும், ஓரம் கோணல்மாணலாக ஆனாலும், நிறம் மாறினாலும் இதே எச்சரிக்கைதான்.

கீழ் உதட்டில் ஆறாத வெடிப்பு, வெள்ளைத் திட்டு. புகையிலை போடுகிறவர்கள், பீடி சிகரெட் பிடிக்கிறவர்கள்... கிட்னி மாற்றியும் இதை விடவில்லையா? உங்களை என்ன சொல்வது!

இன்னும் ஒன்று. பழைய தீக்காயத் தழும்பிலும், பல வருஷமாக ஆறாத புண்ணிலும் புற்றுநோய் வரும். இறுக்கிக் கட்டிய பாவாடை நாடா உராய்ந்து உராய்ந்து இடுப்பில் புண்ணாகி, அது புற்றுநோயான பெண்கள் நம் நாட்டில் உண்டு. கிட்னி மாற்றாத பெண்களுக்கே இந்தக் கதி. உங்களுக்கு நாடா வேண்டாம் தாயே. அகலமான எலாஸ்டிக் பட்டி போட்டுக்கொள்ளுங்கள்.

கழுத்தில், அக்குளில், தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது கை வைத்தியப் பிரியர்களுக்கு. மருவைத் தலைமுடியால் இறுக்கிக் கட்டி அறுக்கிறீர்களா? சுண்ணாம்பும் சோடா உப்பும் குழைத்து வைக்கிறீர்களா? அம்மான் பச்சரிசிப் பால் தடவுகிறீர்களா? மற்றவர்கள் செய்யட்டும். நீங்கள் செய்யக்கூடாது! மேலே கருகி விழும், உள்ளே இருப்பது வளர்ந்துகொண்டே இருக்கும். புண்ணில் கிருமி சேர்ந்தால் உங்கள் உடம்பு தாங்காது. மெடிக்கல் ஷாப் ட்யூப்பும் அப்படித்தான். அவற்றில் நிறைய ஸ்டீராய்டு கலந்தவை. அரிப்பை அடக்கும், நோயை மறைக்கும். அந்தப் பெண்ணின் ஒன்றரை வருஷம் அப்படித்தான் போனது.

மாத்திரைப் பெட்டியையும் ஒரு முறை திறந்து பாருங்கள். பி.பி. மாத்திரையின் பெயர் 'எச்' என்று முடிகிறதா? அட்டையைத் திருப்பினால் பெரும்பாலும் 'ஹைட்ரோகுளோரோதயசைடு' என்று இருக்கும். நீர் பிரிவதற்காகச் சேர்ப்பது. இது தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். நெடுநாள் சாப்பிட்டவர்களுக்குத் தோல் புற்றுநோய் கூடுவதை டென்மார்க்கில் கண்டுபிடித்து, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. காளான் தொற்றுக்குக் கொடுக்கும் 'வோரிகோனசோல்' மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டால் அதற்கும் இந்தப் பழக்கம் உண்டு. "எனக்கு இது தேவைதானா, வேறு மாற்றிக் கொடுக்கலாமா?" என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

கேளுங்கள் என்றுதான் சொன்னேன். நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை!

இதைப் படித்துப் பயந்துபோய் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்ரோலிமஸை நிறுத்தினால் புற்றுநோய் வருவதற்கு முன்பே கிட்னி போய்விடும். மறுபடி டயாலிசிஸ் ஊசி. வேண்டுமா? மருந்தை மாற்றுவது டாக்டரின் வேலை. ஒரு முறை தோல் புற்றுநோய் வந்தவர்களுக்கு 'சிரோலிமஸ்' என்ற மருந்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வில், மாற்றியவர்களில் 22 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி வந்தது. மாற்றாதவர்களில் 39 சதவீதம். ஆனால் சிரோலிமஸ் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. யாருக்குப் பொருந்தும் என்று அவர்கள்தான் பார்க்க வேண்டும்.

'தோலுக்கு நல்லது' என்று யாராவது நிக்கோட்டினமைடு வைட்டமின் மாத்திரையைக் கையில் கொடுத்தால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். மற்றவர்களுக்கு அது கொஞ்சம் பலன் தந்தது உண்மை. உறுப்பு மாற்றியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பலன் இல்லை என்று 2023இல் முடிவு வந்துவிட்டது.

பரவிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் இதையும் கேளுங்கள். முற்றிய தோல் புற்றுநோய்க்கு இப்போது இம்யூனோதெரபி ஊசி வந்திருக்கிறது, மற்றவர்களுக்கு நன்றாகவே கேட்கிறது. அது என்ன செய்யும் தெரியுமா? தூங்குகிற காவல்காரனைத் தட்டி எழுப்பும். எழுந்தவன் புற்றுநோயை மட்டுமா அடிப்பான்? கிட்னியையும் சேர்த்து அடிப்பான். அந்த ஊசி போட்டுக்கொண்ட கிட்னி மாற்றியவர்களில் பத்துப் பேருக்கு நாலு பேர் வீதம் கிட்னியை உடம்பு நிராகரித்திருக்கிறது. ஊருக்கெல்லாம் இருக்கிற கடைசி மருந்து உங்களுக்கு இரண்டு பக்கமும் கூர்.

ஆகவே முன்கூட்டியே பாருங்கள். மாதம் ஒரு முறை, குளித்துவிட்டு வந்ததும், கதவைச் சாத்திக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பாருங்கள். காது மடலுக்குப் பின்னால், கால் விரல் இடுக்கில், மார்புக்குக் கீழே, தொடை இடுக்கில். கைக்கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டால் எட்டாத இடமும் தெரியும். முதுகை வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். சந்தேகமான இடத்தை மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள், அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது தோல் டாக்டரிடம் முழு உடம்பையும் காட்ட வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை வந்தவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை.

வெயிலையும் அலட்சியப்படுத்தாதீர்கள். பத்து மணிக்கு மேல் நாலு மணிக்குள் வெளியே போகும் வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வயல் வேலை, நூறு நாள் வேலை, கடல் வேலைக்குப் போகிறவர்கள் குறைக்க முடியாது. அவர்களுக்கு முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு, அகலத் தொப்பி. முக்கியமாக வெளிறிய தோல்காரர்கள் எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீனும் தடவ வேண்டும். "அது சினிமாக்காரங்க பூசறது" என்று சிரிக்காதீர்கள். ஜெர்மனியில் உறுப்பு மாற்றிய 120 பேரை இரண்டு வருஷம் கவனித்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் தடவிய 60 பேரில் ஒருவருக்குக்கூட ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் புதிதாக வரவில்லை. மற்ற 60 பேரிடம் எட்டு வந்தது. வெயிலைத் தவிர்த்தால் வைட்டமின் டி குறையும், ரத்தப் பரிசோதனையில் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மா தானாகச் சொல்ல மாட்டார். மாமியார் சொல்லவே மாட்டார். அப்பா, "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார். நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். "எங்கயாவது அரிக்குதாம்மா? புண்ணு கிண்ணு இருக்கா?" என்று கேளுங்கள். பெண் டாக்டர்தான் வேண்டும் என்றால் ஓ.பி. நர்ஸிடம் சொல்லுங்கள், ஏற்பாடு செய்வார். அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

உங்கள் அடுத்த ஓ.பி. தேதி எப்போது? நோட்டில் அந்தப் பக்கத்தை எடுத்து, தேதிக்குப் பக்கத்தில் 'தோல்' என்று எழுதி வையுங்கள். அன்றைக்கு டாக்டர், "வேற ஏதாச்சும் தொந்தரவு?" என்று கேட்பார். "இல்ல சார்" என்று எழுந்து வந்துவிடாதீர்கள். "ஒரு தடவை தோலைப் பாருங்க சார்" என்று சொல்லுங்கள்.